நாலு பேரு பாக்கணுமாம்

இல்லீங்க சார், அந்தச் சேர்ல குந்தாதீங்க, அது மொதலாளி குந்துற சேரு. இப்படி சாக்கு மேல குந்துங்க. பேண்டு அழுக்கானா தட்டி வுட்டுக்கலாம், மல்லாட்டைத் தூசிதான், நீங்க வேர்க்கடலன்றது. நான் ஒடைச்சிக்கினே பேசுறேன், நீங்க கேட்டுக்கினே இருங்க. கை நின்னுச்சின்னா மரக்கா கொறையும், அளக்குற மரக்காவுக்குத்தான் கூலி. அவரு திண்டிவனம் போயிருக்காரு, மத்தியானம் அளக்க வந்துடுவாரு. அதுக்குள்ள இந்தக் குமிய முடிக்கணும்.

ஆமாங்க, அஞ்சம்மா கேஸுல சாட்சி சொன்ன குப்பம்மா நான்தான். ஜட்ஜ்மெண்டுல என் பேரு இருக்குதுன்னு போன்ல சொன்னீங்களே, அன்னைலருந்து எனக்கு ஒரே சிரிப்பு. ரேஷன் கார்டுல கூட என் பேர ஒழுங்கா போடல சார், குப்பாயின்னு போட்டு வெச்சிருக்கான். நீங்க இன்னாடான்னா குப்பம்மா சொன்ன சாட்சிய வெச்சி காலேஜில பசங்க கட்சி கட்டிக்கினு சண்ட போடுறாங்கன்றீங்க. நீங்க வேற நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்களாம். அத்தினியும் இங்கிலீசா? சரி சரி, படிச்சிக் காட்ட வேணாம், வாயால சொல்லுங்க போதும்.

இருங்க, மெதுவா. ஒரு கட்சி இன்னா சொல்லுதுன்றீங்க? சட்டத்துல எழுதியிருக்கிறத மட்டும் படி, நீயா ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் கொறைக்காத. இன்னொரு கட்சி, எதுக்காக அந்தச் சட்டத்தப் போட்டாங்க, யாரு பட்ட அடிக்காகப் போட்டாங்க, அத மனசுல வெச்சிக்கினு படின்னுது. நீங்க ரெண்டாவது கட்சி. புரியுது. உங்களுக்கு எதிர்க்கட்சில இருக்கிறாரே, அவரு நல்ல மனுசனா? நல்லவர்தானா. அப்போ சண்ட நல்லாத்தான் இருக்கும். கெட்டவனாண்ட சண்ட போடுறதுல இன்னா இருக்குது, அவன் வாயத் தொறந்தாலே தெரிஞ்சிடும்.

அவரு சொல்றதும் நியாயம்தான சார். ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்புற சட்டம்னா இறுக்கிப் புடிச்சித்தான் படிக்கணும், சந்தேகம் இருந்தா விட்டுடணும். எங்க ஜனத்துப் புள்ளைங்களையே செய்யாத திருட்டுக்கு ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிருக்காங்க, அப்போ எங்களுக்கும் அந்தச் சந்தேகந்தான் கை குடுக்குது. அதனால அந்தக் கேஸுல மாட்டுன விருத்தாசலத்துக்கு அந்த உரிமை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆமாங்க, இந்தக் களத்து மொதலாளிதான், பேர் சொல்லித்தான் சொல்லுவேன். மொதலாளின்றது அளக்குற நேரத்துக்கு. எனக்கு ஒரே ஒரு கேள்விதான், அத உங்க எதிர்க்கட்சிக்காரராண்ட கேட்டு வந்து சொல்லுங்க. பொதுமக்கள் பாக்குற எடத்துல ஜாதியச் சொல்லித் திட்டுனாத்தான் குத்தம்னு சட்டத்துல இருக்குதாமே, நாங்க பொதுமக்களா, இல்லியா?

சிரிக்காதீங்க, மெய்யாலுமேதான் கேக்குறேன். எலெக்சன் வந்தா ஆட்டோல மைக்கு கட்டிக்கினு எங்க காலனிக்குள்ள வந்து அன்பார்ந்த பொதுமக்களேன்னு தொண்ட கிழியக் கத்துறானுங்க. நாங்க வெளிய வந்து நின்னு பாக்குறோம். ஊரு பக்கம் திரும்பிக் கத்துனா அந்தப் பொதுமக்கள் வேற, எங்க பக்கம் திரும்பிக் கத்துனா வேறயா? கோர்ட்டுக்குள்ள போனா மட்டும் நாங்க பொதுமக்கள் இல்லாம போயிடுறமே, அது எந்த வாசப்படியில சார் கழண்டு வுழுது?

எதுலருந்து சொல்லணும்? நடந்ததே சொல்றேன். ஜட்ஜ்மெண்டுல எல்லாம் வராது.

இதே களம்தான் சார். இதே சுத்துச்சுவரு. சுனாமி வந்துச்சில்ல, அதுக்கு மறு வருசம். இதே மாதிரி வெத மல்லாட்டை ஒடைக்கிற சீசன். மிஷின்ல போட்டா பருப்பு தோலு உரிஞ்சி பொளந்துக்கும், வெதைக்கு ஆவாது, அதனால கையாலதான் ஒடைக்கணும். காலனிப் பொம்பளைங்க அத்தினி பேரும் இங்கதான். அஞ்சம்மா தோ அந்த எடத்துல, இப்போ பவானி குந்திக்கினு இருக்கிறா பாருங்க, அதே எடத்துல. பவானி அவ பொண்ணு. அப்போ பவானிக்குப் புள்ள பொறந்து மூணு மாசமோ நாலு மாசமோ. பவானிக்குக் காய்ச்சல், எழுந்துக்க முடியல. கொழந்தைய அஞ்சம்மாதான் தூக்கிக்கினு வந்தா. வெயில்ல எப்படிப் போடுறது? அந்தக் கொட்டா இருக்குது பாருங்க, மாடு கட்டுறது, அதுல வெளித்தாவாரத்து உத்தரத்துல தூளி மாதிரி ஒரு ஏணை கட்டுனா. என் பொடவதான். தூங்கிடுச்சி.

விருத்தாசலம் வந்தாரு. மாடு கட்டுற கொட்டா சார் அது. சாணி நாறுது. அந்த உத்தரத்துல எங்க புள்ள ஏணை தொங்கக்கூடாதாம். அவுருடின்னு சொல்லியிருந்தா அவுத்திருப்பா. அவரு சொல்லல. நேரா போனாரு, முடிச்சிய ஒரு இழுப்பு. புள்ள உள்ள இருக்குது. நான் எப்படி எழுந்தேன், எப்படி ஓடுனேன்னு எனக்கே தெரியாது, மடியில இருந்த மல்லாட்டை எல்லாம் கொட்டிப் போச்சி, புள்ள தரையில படறதுக்கு முன்னாடி ஏந்திக்கினேன். பொடவையச் சுருட்டி சுவத்துக்கு அந்தாண்ட வீசுனாரு. அதுக்கப்புறம் வாயத் தொறந்தாரு. எங்க ஜாதியச் சொல்லி, அஞ்சம்மாவச் சொல்லி, அந்தப் பச்சப் புள்ளையச் சொல்லி.

அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன் சார். நீங்க எழுதிக்கவும் வேணாம். அஞ்சம்மா கோர்ட்டுல சொன்னா. சொல்லித்தான் ஆவணுமாம். இன்னா சொல்லித் திட்டுனாரு, அப்படியே சொல்லும்மான்னாங்க. அவ மெதுவா சொன்னா. டைப் அடிக்கிறவங்களுக்குக் கேக்கல, சத்தமா சொல்லுன்னாங்க. சத்தமா சொன்னா. அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல், இந்த வார்த்தையத்தான சொன்னாரு, வேற வார்த்த இல்லியேன்னு அவரும் ஒருவாட்டி சொன்னாரு. கோர்ட்டு ஹால்ல வக்கீலுங்க, போலீசு, வேற கேஸுக்கு வந்தவங்க, எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க அத்தினி பேரு. அங்க சொன்னதுதான் சார் பொதுமக்கள் பார்வை. அவ கூனிக்குறுகிப் போயிட்டா.

அவ கேஸு குடுத்ததே பெருசு. நாங்க ஏழெட்டுப் பொம்பளைங்க நேரா ஸ்டேஷன்ல போயி குந்திக்கினோம். முதல்ல எழுத மாட்டேன்னாங்க, அப்புறம் எழுதுனாங்க. பிசிஆர் கேஸு, ஜாதியச் சொல்லித் திட்டுனா போடுறது. அது இழுத்துச்சி வருசக்கணக்குல. எங்களக் கூப்பிட்ட அன்னிக்கி வெடியகாலைல கேப்பைக்கூழக் கரைச்சிக் குடிச்சிட்டு மயிலத்துல பஸ் ஏறி விழுப்புரம் போனோம். நான் நல்ல பொடவ கட்டிக்கினு போனேன். எனக்கு பயமே இல்ல. கண்ணால பாத்தத சொல்றதுக்கு இன்னா பயம்?

கவர்மெண்டு வக்கீல் கேட்டாரு, சொன்னேன். அவரு குந்துனாரு. அவங்க வக்கீல் எழுந்தாரு. நான் இன்னா நெனச்சேன்னா மெரட்டுவாரு, அதட்டுவாருன்னு. சினிமால அப்படித்தான வருது. அவரு அப்படி ஒரு தன்மையா பேசுறாரு சார். அம்மா, அஞ்சம்மா உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களாம்மான்னாரு. வேண்டியவளாவா, அவ வூட்டு நல்லது கெட்டது எல்லாம் நாங்கதாங்கன்னேன். அப்படியா, அவங்க பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு நீங்கதான் முன்ன நின்னு செஞ்சீங்களாமேன்னாரு. ஊர்ல கூட பேசிக்கினாங்க, அந்த மாதிரி சீர் யாரும் செஞ்சதில்லன்னாரு.

இதுக்கு எனக்கு வாய் சும்மா இருக்குமா சார்?

உங்களுக்கு இந்தப் பக்கத்து வழக்கம் தெரியுமோ தெரியாதோ. பொண்ணு வயசுக்கு வந்துட்டா தாய்மாமன் பச்ச ஓல வெட்டியாந்து குடிசை கட்டணும். அந்தக் குடிசைலதான் பொண்ண ஒக்கார வெக்கணும். மாமன் இல்லாத பொண்ணுன்னா பேச்சு ஒரு மாதிரி வரும். அஞ்சம்மா செஞ்சிப் பக்கத்துலருந்து வாழ்க்கப்பட்டு வந்தவ. கூடப்பொறந்தவன் ஒருத்தன் கெடையாது. பவானி வயசுக்கு வந்து குந்துனப்போ அவ வூட்டுல குடிசை கட்ட ஆளு இல்ல. அவ மூலைல ஒக்காந்து அழுதுக்கினு இருந்தா. எங்க வூட்டுக்காரரு பெரியதம்பி இருக்காரே, அவரு யாராண்டயும் ஒண்ணும் கேக்கல. கத்தி எடுத்துக்கினு போனாரு, ஓல வெட்டியாந்தாரு, குடிசையக் கட்டிட்டு நின்னாரு. அவ்ளோதான். அன்னைலருந்து அவரு தாய்மாமன். நான் பவானிக்கு அத்த. கல்யாணத்துக்கு மால எடுத்துக் குடுத்தது அவரு, அந்தப் புள்ளைக்குக் காது குத்துறப்போ மடியில வெச்சிக்கினதும் அவருதான். இத எவன் வந்தும் மாத்த முடியாது.

அதத்தான் கூண்டுல நின்னு சொன்னேன். ஆரணிப் பட்டு எடுத்தோங்க, கெடா வெட்டுனோங்க, மேளம் வெச்சி ஊர்கோலமா தட்டு எடுத்துக்கினு போனோங்கன்னு. அவரு தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. அப்படியா, மேளம் எல்லாமா, பரவால்லியேன்னாரு. ஜட்ஜய்யா எழுதிக்கினே இருந்தாரு. எனக்குப் பெருமை தாங்கல. லூர்துமேரி அடுத்த சாட்சி, அவ ஒரு படி மேல. அஞ்சம்மா எனக்குத் தங்கச்சி மொற, என் தட்டுதான் பெரிய தட்டுன்னு சொல்லிட்டு வந்தா. அதுக்கு அடுத்தவ அண்ணின்னா. ஒருத்தி விடாம அத்தினி பேரும் ஒறவு சொல்லிட்டு, ஜெயிச்ச மாதிரி வெளிய வந்து டீ குடிச்சோம்.

தீர்ப்பு வந்துச்சி. அதான் உங்களுக்கே தெரியுமே. சம்பவம் நடந்த எடம் நாலு பக்கமும் சுவரு வெச்ச தனியார் எடம். பாத்தவங்க அத்தினி பேரும் பாதிக்கப்பட்டவருக்கு நெருங்குன ஒறவுக்காரங்க, கூட வேல செய்றவங்க. சம்பந்தமில்லாத பொதுமக்கள் ஒருத்தரும் இல்ல. அதனால பொதுமக்கள் பார்வை படுற எடத்துல நடந்ததா சொல்ல முடியாது. விடுதல. மேல் கோர்ட்டும் அது சரிதான்னுடுச்சி. திட்டல்லன்னு எவரும் சொல்லல சார், அதக் கவனிங்க. திட்டுனாரு, பாத்தாங்க, ஆனா பாத்தது நாங்க.

கவர்மெண்டு வக்கீல் என்னத் தனியா கூப்புட்டு சத்தம் போட்டாரு. ஏம்மா, அஞ்சம்மா எனக்கு யாரும் இல்ல, வேலைக்கி வந்த எடத்துல பாத்தேன்னு சொல்லியிருக்கக் கூடாதா, கெடுத்துட்டியேன்னாரு. நான் எதக் கெடுத்தேன்? உண்மையத் தவர வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்குனது யாரு? நான் கேட்டேன் அவராண்டயே. ஐயா, உங்க ஊர்ல ஒருத்தர ஒருத்தர் தெரியாதவங்களா இருக்கலாம். எங்க காலனி ஒரே தெரு. ஒருத்தி வூட்டு அடுப்பு எரியலன்னா அடுத்தவளுக்குத் தெரியும். நாங்க யாருக்கும் யாரும் இல்லாதவங்களா ஆனாத்தான் உங்க சட்டம் எங்கள ஏத்துக்குமான்னேன். அவரு ஃபைல மூடிக்கினு போயிட்டாரு. காலனில கூட சில பேரு இன்னிக்கி வரைக்கும் குப்பம்மா வாயாலதான் கேஸு போச்சின்னு பேசுறாங்க. பேசட்டும். இன்னிக்கி கூண்டுல ஏத்தி அதே கேள்வியக் கேட்டாலும் நான் அதேதான் சொல்லுவேன். ஓல வெட்டி குடிசை கட்டுன மனுசன இல்லன்னு சொல்லிட்டு அவர் கூட எப்படி சார் ஒரே வூட்டுல சோறு துன்றது?

அஞ்சம்மாவா? தீர்ப்பு சொன்ன அன்னிக்கி பஸ்ஸுல என் பக்கத்துல குந்திக்கினு வந்தா. விழுப்புரம் தாண்டுனதும் சொன்னா. நீ மட்டும் அவ எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டு வந்திருந்தா இந்தக் கேஸு ஜெயிச்சிருக்கும் அண்ணி, ஆனா உன்னாண்ட நான் ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன்னா. ரெண்டு பேரும் பஸ்ஸுன்னு கூடப் பாக்காம அழுதோம். இப்போ அவளுக்கு மூட்டு வலி, வூட்லயே கெடக்குறா. நீங்க வர்றீங்கன்னு சொன்னேன். கேஸ வெச்சி அவங்க எழுதிப் பொழைக்கிறாங்க, நமக்கு இன்னான்னா. கோச்சிக்காதீங்க, அவ அப்படித்தான்.

எப்படி இதே களத்துக்கு வேலைக்கி வர்றீங்கன்னு கேக்குறீங்க. எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. வேற எங்க போறது? இந்தச் சுத்துவட்டாரத்துல வெத மல்லாட்டை இந்த அளவுக்குப் போடுறவரு இவருதான். அவருக்கும் எங்கள விட்டா ஆளு கெடையாது, பருப்பு பொளக்காம ஒடைக்க எங்க கைதான் வேணும். கொஞ்ச நாளு வேற ஊருக்காரங்கள இட்டாந்து பாத்தாரு, பாதிக்குப் பாதி ஒடஞ்ச பருப்பு. வேற வழியில்லாம திரும்ப ஆளு வுட்டாரு. அதுவும் இல்லாம நான் ஏன் சார் போவணும்? தப்புப் பண்ண ஆளு இங்கயே கெத்தா நடந்துக்கினு இருக்காரு. நான் மொகத்த மறச்சிக்கினு செங்கல் சூளைக்கி போவணுமா? போவ மாட்டேன். அவரு கண்ணு முன்னாடியே நான் குந்தியிருப்பேன். என்னப் பாக்குறப்போல்லாம் அவருக்கு அந்தக் கேஸு ஞாபகம் வரும், வரட்டும்.

பவானி, அந்த மொறத்த இப்படித் தள்ளுடி. போதும்.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், தீர்ப்பு. நீங்க தீர்ப்பப் படிச்சிட்டு நாப்பது பக்கம் எழுதுனீங்க. அத நல்லாப் படிச்ச இன்னொரு ஆளு இருக்காரு, விருத்தாசலம். முன்னல்லாம் அவரு கோவம் வந்தா வந்த எடத்துல கத்துவாரு, தெருன்னும் பாக்க மாட்டாரு, வயல்னும் பாக்க மாட்டாரு. இப்போ தெருவுல எங்களப் பாத்தா சாப்புட்டியாம்மான்றாரு. மெய்யாலுமே சார், அம்மான்றாரு. மத்தியானம் அளக்க உள்ள வருவாரு, வந்தவொடனே கேட்ட சாத்தச் சொல்லுவாரு. அதுக்கப்புறம் மரக்காவக் கையில எடுத்துக்கினே ஆரம்பிப்பாரு. அதே வார்த்த. பருப்பு ஒடஞ்சிருக்குதுன்னு ஒரு வாட்டி, மெதுவா எழுந்தான்னு ஒரு வாட்டி. இப்போ முக்காவாசி பவானியத்தான், அஞ்சம்மா பொண்ணுன்னு. திட்டிட்டு அவரே சொல்லுவாரு, போ, போய்க் கேஸு குடு, யாரு பாத்தா, உங்க அத்த பாத்தாளான்னு. சிரிப்பாரு. சட்டம் எங்களுக்குக் காவலுக்குப் போட்டதுன்னீங்க இல்ல? அவருக்குக் காவலா நிக்குது சார், இந்தச் சுவரு ஒசரத்துக்கு.

ரோட்ல வெச்சித் திட்டுனா குத்தம், சுவத்துக்கு உள்ள திட்டுனா இல்லன்னா, எனக்கு மட்டும் சுவத்துக்கு உள்ள வேற தோலா போத்தியிருக்குது?

இல்ல, நாங்க சும்மா இல்ல. திண்டிவனத்துல காயத்ரின்னு ஒரு வக்கீலம்மா. சின்ன வயசுதான், ஆனா கெட்டி. அவங்களாண்ட போனோம், நானும் பவானியும். எல்லாத்தையும் கேட்டாங்க. தீர்ப்பு தப்பா சரியான்னு நம்ம பேசிக்கினு இருந்தா ஆயுசு போயிடும், அத மேல இருக்கிறவங்க பேசட்டும்னாங்க. தனியார் எடமா இருந்தாலும் பரவால்ல, சுவத்துக்கு உள்ளயே இருந்தாலும் பரவால்ல, வெளி ஆளு ஒருத்தர் அங்க இருந்து கண்ணால பாத்து காதால கேட்டிருந்தா போதும், அது பொதுமக்கள் பார்வைதான், அப்படி பெரிய கோர்ட்டே சொல்லியிருக்குது, ஒறவு இல்லாத, சிநேகம் இல்லாத ஆளு ஒருத்தர் மட்டும் எனக்குக் குடுங்கன்னாங்க. ஒருத்தர்.

அந்த ஒருத்தருக்கு நாங்க பட்ட பாடு. மண்டி ஆளு வர்றாரு, சாக்கு தூக்க. அந்த ஆளு எதிர்லயே விருத்தாசலம் எங்களத் திட்டியிருக்காரு, இன்னும் கேட்டா மண்டி ஆளு இருந்தா விருத்தாசலத்துக்கு வாய் ஜாஸ்தியாவும், தன் கெத்தக் காட்டணும் இல்ல. கேட்டுப் பாத்தோம். எனக்கு யாவாரம் கெட்டுடும்மா, ஆள வுடுன்னுட்டாரு. கரண்டு பாக்க வந்தவரு ஒரு நாளு எல்லாத்தையும் கேட்டுக்கினு நின்னாரு. கேட்டா, நான் மீட்டரத்தான் பாத்தேன்றாரு. வெத பாக்க வந்த ஆபீசர் அந்த நேரத்துக்கு போன்ல பேசிக்கினு அப்படியே வெளிய போயிட்டாரு. யாரும் கெட்டவங்க இல்ல சார். எதுக்கு வம்புன்னு நெனைக்கிறவங்க. அவங்கதான் பொதுமக்கள். நாங்க அத்தினி பேரு பாத்தோம், நாங்க இல்ல.

மணி ஆயிடுச்சா? ஆவட்டும், இன்னும் கொஞ்ச நேரந்தான்.

காலனிக்கு வந்து வூட்ல பாக்குறேன்னுதான் நீங்க போன்ல கேட்டீங்க. நான்தான் வேணாம், வேல செய்ற எடத்துக்கே வாங்கன்னு சொன்னேன். வூட்டுக்கு வந்திருந்தா அஞ்சம்மா சும்மா வுட்டிருக்க மாட்டா, மொறச்சிக்கினே கூழு குடுத்திருப்பா. நீங்க குடிச்சிருப்பீங்க. எங்க வூட்டுக்காரரு உங்களத் தம்பின்னுருப்பாரு. பொழுது சாயறதுக்குள்ள நீங்க ஒறவாயிருப்பீங்க சார், எங்க ஆளுங்களுக்கு அதுக்கு மேல நேரம் புடிக்காது. அப்புறம் உங்களக் கூண்டுல நிக்க வெச்சி, அந்த வூட்ல சாப்டீங்களாமேன்னு ஒரு தன்மையான ஆளு கேப்பாரு.

ஏன் எழுந்துக்குறீங்க? குந்துங்க. நான் உங்கள ஒண்ணும் ஏமாத்தல. கேட்டுல, வெத பாக்க வந்திருக்காருன்னு மட்டும் சொல்லி வெச்சேன், அது ஒண்ணுதான் பொய். நாங்க விருத்தாசலத்த வம்புக்கு இழுக்கப் போறதில்ல, ஒரு வார்த்த எதிர்த்துப் பேசப் போறதில்ல. பவானியக் கேட்டுட்டுத்தான் பண்றேன். அவதான் சொன்னா, படிச்சவருன்றியே அத்த, கண்ணு காது ரெண்டும் இருக்குமில்லன்னு. விருத்தாசலம் வருவாரு, தெனமும் இன்னா பண்ணுவாரோ அதப் பண்ணுவாரு. பண்ணாம போனா எங்களுக்கு அதுவே சந்தோசம், நீங்க கெளம்பிப் போயிக்கினே இருங்க.

ஆராய்ச்சி பண்றவங்க நடுவுல நிக்கணும், அப்படியா? நடுவுல நிக்கிற ஆளுதான் சார் வேணும். எங்க பக்கம் நிக்கிறதுக்கு ஒரு காலனியே இருக்குது. நீங்க எங்க கட்சில சேர வேணாம். உங்க சொந்த ஊரு எது, நீங்க எந்த ஆளு, எதுவும் நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க. எங்க ஜனமாவே இருந்தாலும் என்னாண்ட சொல்லாதீங்க. நாப்பது பக்கம் எழுதத் தெரிஞ்சவருக்கு, ஆமா நான் அங்க இருந்தேன், என் காதால கேட்டேன்னு ஒரு வரி சொல்ல வராதா?

பயமா இருக்குதா? இருக்கட்டும். எனக்குந்தான் இருக்குது, இத்தினி வருசமா இருக்குது. பயந்தவன் சாட்சி சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லியே, நீங்களே சொல்லுங்க.

தோ, வண்டி நிக்குது. அவருதான். கேட்ட சாத்துறாங்க பாருங்க. பவானி, நீ உன் எடத்துலயே இரு, தல குனியாத. சார், நீங்க ஒண்ணும் பேச வேணாம். தடுக்கவும் வேணாம். இந்தப் பக்கமே பாத்துக்கினு இருங்க, போதும்.